எமன் தோற்ற ஊர்

கடம்பூர்ப் பக்கம் ஒரு கோவில் கொடைத் திருவிழாவில்தான் என் தொண்டை போனது. அதுவரை பதினெட்டு வருஷம் நான் ராஜபார்ட். புராண நாடகங்களில் கிரீடம் வைத்து, முகத்துக்கு ரோஜா நிறம் பூசி, பாடிக்கொண்டே வருகிற கதாநாயகனை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். அன்றைக்குப் பாட்டின் உச்சியில் ஏறினேன். ஏறின குரல் இறங்கி வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, வலது கை வானத்தைப் பார்த்து நீண்டிருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. ஜனங்கள் மைக் செட்டுக்காரரைத் திட்டினார்கள். அவர் மேடைக்கு ஓடி வந்து என் மைக்கைத் தட்டிப் பார்த்தார். 'டொக் டொக்' என்று ஊரே அதிர்ந்தது.

எங்கள் ஆர்மோனியக்காரர் பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "தம்பி, மைக்குல கோளாறு இல்ல. அண்ணாச்சிகிட்டதான் கோளாறு."

அவருக்கு முன்னாலும் ஒரு மைக் இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது.

கோவில்பட்டியில் தொண்டை டாக்டர் ஒருவர் என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து நிம்மதியாக இருந்தது அந்த மூன்று மாதம்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெட்டிகளைப் பண்டலாகக் கட்டுகிற இடம். அங்கே கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒருத்தி ஒரு சொல் விட்டால், அடுத்த பெட்டி கைக்கு வருவதற்குள் பதில் போயிருக்க வேண்டும். வாயடக்கிய புருஷன் அவளுக்கு ஓய்வு மாதிரி.

மூன்று மாதம் கழித்துக் குரல் வந்தது. ஆனால் போன குரல் இல்லை, வேறு யாருடையதோ. தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. ஆர்மோனியக்காரர் வீட்டுக்கு வந்து ஒரு கட்டையில் தொடங்கி ஒவ்வொரு சுருதியாக வைத்துப் பார்த்தார். இரண்டு கட்டைக்கு மேல் நான் இருமினேன். அவர் பெட்டியை மூடினார்.

"இனிமே பாட்டு இல்ல அண்ணாச்சி. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. எமன் வேஷத்துக்கு ஆள் இல்லாம நாங்க அலையுதோம். பாடவே வேண்டாம், கத்துனாப் போதும். வயிறும் உங்களுக்குச் சரியா வந்துருக்கு."

நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன். மனைவி உள்ளேயிருந்தே சொன்னாள்: "சும்மா போங்க. வீட்டுல கத்துததுக்கு அங்கன போயிக் கத்துங்க."

அப்படித்தான் நாற்பத்தாறு வயதில் நான் எமனானேன்.

கிரீடமும் கதாயுதமும் வாடகைக்குக் கிடைத்தன. பாசக்கயிறு மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்று மார்க்கெட்டில் ஒரு கயிற்றுக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "எந்த மாட்டுக்கு அண்ணாச்சி? காளைக்கா, பசுவுக்கா?" என்று கேட்டார். நான் வேஷத்தின் நினைப்பிலேயே, "மாட்டுக்கு இல்ல, மனுசனுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையிலிருந்த கயிற்றை மெதுவாகத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் என்ன பிரச்சினை என்று விசாரிக்க ஆரம்பித்தார். நாடகத்துக்கு என்று நம்ப வைப்பதற்குக் கடை முன்னால் நின்று ஒரு தடவை எமன் சிரிப்புச் சிரித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

அந்தச் சிரிப்பு எடுபட்டது. ராஜபார்ட்டாக இருந்தபோது என்னைச் சுமாரான பாடகன் என்றுதான் சொல்வார்கள். எமனாக வந்த பிறகு, "ஆளு நெசமாவே அங்கேயிருந்து வந்தவன் மாதிரில்லா இருக்கான்" என்றார்கள். பேர் பரவியது. அதோடு சில்லறைத் தொல்லைகளும் வந்தன. சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போனால் பின் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மச்சினனைப் பார்க்கப் போனபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். தெரிந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர், தான் ஆள் பிடிக்கப் போகும்போது சும்மா பின்னால் வந்து நின்றால் போதும் என்று கெஞ்சினார்.

இதெல்லாம் சாதாரணம். என்னை உண்மையில் ஆட்டி வைத்தது புதூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த ஒரே ஒரு பெரியவர்.

மைக்குக்கு இப்போது ராத்திரி பத்து மணி வரைதான் அனுமதி என்பதால், அந்த ஊர்க் கொடையில் சாயங்காலம் ஐந்தரைக்கே நாடகத்தைத் தொடங்கிவிடுவார்கள். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். எமன் வந்து ஒரு ராஜகுமாரனின் உயிரைக் கயிறு போட்டு எடுப்பான். அவன் பெண்டாட்டி ஒரு மணி நேரம் பாடியும் வாதாடியும் எமனை மடக்கி உயிரைத் திரும்ப வாங்குவாள். நான் பார்வையாளர்களுக்குப் பின்னாலிருந்து அலறிக்கொண்டு வந்து, மேடையேறி, ராஜகுமாரன் கழுத்தில் கயிற்றைப் போட்டேன். அவன் விழுந்தான். பெண்டாட்டியாக வரும் ஸ்திரீபார்ட் நடிகை மூச்சை இழுத்து முதல் அடியைப் பாடப் போனார்.

அதற்குள் முன் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"வேய், நில்லும்."

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எழுபத்தைந்து வயதிருக்கும். கொடைக் கமிட்டியில் முக்கியமானவர் என்பது உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. எழுந்து மேடைக்கு முன்னால் வந்துவிட்டார்.

"அந்தப் பயலுக்குக் கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசந்தான ஆச்சு? அவன விட்டுட்டு என்னையக் கூட்டிட்டுப் போவும்."

எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் பழக்கம் உண்டு. நான் கதாயுதத்தைத் தோளில் சாய்த்து, "மானிடா! உன் நேரம் இன்னும் வரவில்லை!" என்று கர்ஜித்தேன்.

"அப்ப எப்ப வரும்? தேதியச் சொல்லும். அதுக்கு முன்னால கெணத்து மோட்டாரச் சரி பண்ணணும்."

சனம் சிரித்தது. நான், "அது தேவ ரகசியம்!" என்றேன். "என் தேதிய எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன ரகசியம்?" என்றார். இப்படியே இருபது நிமிஷம் போனது. ஸ்திரீபார்ட் நடிகை நின்று பார்த்தார், இடுப்பில் கை வைத்துப் பார்த்தார், கடைசியில் ஆர்மோனியப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்போது கீழே கிடந்த ராஜகுமாரன் குறட்டை விட்டான். முந்தின நாளும் நாடகம், பாவம், நிஜமாகவே தூங்கிவிட்டான். அவன் சட்டையில் குத்தியிருந்த மைக் அந்தக் குறட்டையை ஊருக்கெல்லாம் கொடுத்தது.

"பாரும்! மூச்சு வருது! உசுரு இருக்கு! உமக்கு எடுக்கவே தெரியல, அதுக்குள்ள கயித்தச் சுருட்டுதீரு!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஆர்மோனியக்காரர் என் பக்கம் குனிந்து, "அண்ணாச்சி, உசுரக் குடுத்துட்டுக் கெளம்புங்க. இதுக்கு மேல நின்னா மானம் போயிரும்" என்றார். நான் கொடுத்துவிட்டேன். எந்தப் புராணத்திலும் இல்லாதபடி ராஜகுமாரன் உயிரைக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வாங்கிக்கொடுத்தார். நாடகம் அரை மணி நேரம் முன்னதாகவே முடிந்தது. திரும்பும் வழியில் ஸ்திரீபார்ட் நடிகை வேனில் என்னோடு பேசவில்லை. "எம்பாட்டு மொத்தத்தையும் அந்தப் பெரியவரு தின்னுட்டாரு. இனிமே இந்த ஊருக்கு என்னையக் கூப்புடாதீங்க" என்று டிரைவரிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் அதே ஊரிலிருந்து போன் வந்தது. பெரியவரின் மகன் பேசினார். "அதே நாடகந்தான் அண்ணாச்சி. அதே எமன் வரணும்னு அப்பா சொல்லுதாரு. ஒரு வருசமா யோசிச்சு வச்சிருக்காரு."

ஸ்திரீபார்ட் நடிகையும் வந்தார். ஒரு மணி நேரம் பாடாமல் உட்கார்ந்திருக்கலாம் என்பது அவருக்கு மெல்லப் புரிந்திருந்தது. இந்தத் தடவை ராஜகுமாரன் விழுந்தவுடனேயே பெரியவர் எழுந்தார்.

"உம்ம கணக்குப்பிள்ளை ஏட்டுல இவன் பேரு என்ன எழுதியிருக்கு?"

நான் சொன்னேன்.

"அது ஆதார்ல இருக்க பேரா, ரேஷன் கார்டுல இருக்க பேரா? எம்பேரு ஆதார்ல ஒண்ணு, பட்டாவுல ஒண்ணு, பேங்குல ஒண்ணு. மூணு வருசமா அலையுதேன். பேரு ஒத்துப்போகாம ஒரு ஆபீசுலயும் ஒரு வேலையும் நடக்காது. இவன் பேரச் சரிபாத்து, திருத்தம் போட்டு, சீல் வாங்கிட்டு வாரும். அதுவரைக்கும் உசுரு இங்கனயே கெடக்கட்டும்."

கூட்டத்தில் பட்டா மாறுதலுக்கு அலையாத ஆள் ஒருத்தர் கூட இல்லை போலிருக்கிறது. விசிலடித்தார்கள். எமலோகத்தில் ஆன்லைன் வசதி உண்டு என்று உளறினேன். "சர்வர் வேல செய்யுதா?" என்று கேட்டார். நான் உயிரைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் என் நாடகத்தை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. ராஜபார்ட் காலத்தில், "வீட்டுல பாக்கத எதுக்கு அங்கன வந்து பாக்கணும்" என்பாள். இப்போது முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, நிமிராமல் சொன்னாள்:

"பேரப் பாத்து வாரவன் நான் இல்ல, மூச்சப் பாத்து வாரவன்னு சொல்ல வேண்டியதுதான?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் பாட்டும் ஐந்து வருஷம் கத்தலுமாக நான் சேர்த்து வைத்த தொழிலறிவில் இப்படி ஒரு வரி இல்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. அவள் பெரியவராகப் பேசுவாள், நான் எமனாகத் தோற்பேன். பிறகு இடம் மாறுவோம், அவள் எமன். அப்போதும் நான்தான் தோற்பேன்.

மூன்றாவது வருஷம் தயாராகப் போனேன். பேர்ப் பிரச்சினையை அவர் மறுபடி எடுத்தார், மூச்சு வரியைச் சொன்னேன். சனம் முதல் தடவையாக எனக்குக் கை தட்டியது. பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"சரி வேய். அவன விடும். நான் வாரேன், ஆனா இப்ப வர முடியாது. நாலு நாளைக்கு முன்னால காட்டுல மக்காச்சோளம் போட்டுருக்கேன். முளைச்சிச்சா இல்லையான்னு பாக்காம எப்படி வாரது?"

இதற்கும் மனைவியிடமிருந்து பதில் வாங்கி வைத்திருந்தேன். எமன் குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"நீ பார்க்காவிட்டாலும் அது முளைக்கும்."

கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் தட்டவில்லை. ஆர்மோனியம் கூட நின்றது. பெரியவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு மேல் எழவில்லை. ஸ்திரீபார்ட் நடிகை அவசரமாக எழுந்து, மறந்துபோயிருந்த பாட்டைத் தேடித் தேடிப் பாடினார். நான் ஜெயித்துவிட்டேன். வேனில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவியின் முகமும் ஒரு மாதிரி ஆனது. "நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன். நீங்க அப்படியே போயிச் சொல்லிருவீங்களா?" என்றாள்.

ஆறு மாதம் கழித்து, பங்குனி வெயிலில், பெரியவரின் மகன் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அப்பா காட்டு வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் எழ மாட்டேன் என்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார், பத்து நாளாக ஒருவரோடும் பேச்சில்லை.

"நேத்துத்தான் வாயத் தொறந்தாரு அண்ணாச்சி. அந்த எமனக் கூட்டிட்டு வாலேன்னாரு. வேசத்தோட வரணுமாம்."

நான் போய் நிற்கும்போது அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது? அதற்குப் பிறகு எந்த ஊரில் எனக்கு வேஷம் கொடுப்பார்கள்? முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி பவுடர் டப்பாவையும் நீலச் சாயத்தையும் எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

"உக்காருங்க. பூசி விடுதேன். அந்தச் சொல்ல நாமதான வுட்டோம், நாமதான் போயி எடுக்கணும்."

பெரியவர் வீட்டில் வைத்து வேஷம் போட அவருடைய மருமகள், அதாவது தன் மனைவி, ஒத்துக்கொள்ள மாட்டார் என்று மகன் சொன்னதால் எங்கள் வீட்டிலேயே போட்டுக்கொண்டோம். காலை பத்து மணிக்கு, நீல முகமும் முறுக்கு மீசையுமாக, கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தேன். கதாயுதம் கைக்கு அடங்கவில்லை, நெட்டுக்கு நிறுத்திப் பிடித்தேன்.

பஸ் ஸ்டாண்டு முன்னால் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். மகன் ஹெல்மெட் போட்டிருந்தார். என் தலை வெறுந்தலை. அபராதம்தான் என்று நினைத்தேன். அவரோ என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க வாங்க! பதினோரு மணிக்குத்தான் வருவீங்கன்னு சொன்னாங்க. சீக்கிரமே வந்துட்டீங்களே!" என்றார். அன்றைக்கு ஹெல்மெட் விழிப்புணர்வுக்கு எமன் வேஷத்தில் ஆள் வருவதாக ஏற்பாடாம். நான் அவன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. என்னைக் கிரீடம் வைக்கச் சொல்லி நடுரோட்டில் நிறுத்திவிட்டார். தலைக்கவசம் போடாமல் வந்தவர்கள் கழுத்தில் எல்லாம் கயிற்றைப் போட்டேன். அவர்கள் என்னோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இருபது நிமிஷம் கழித்து நிஜமான விழிப்புணர்வு எமன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மெலிந்த ஆள், கண்ணாடி போட்டிருந்தார். இரண்டு எமன்களும் ஒருவரையொருவர் பார்த்தோம். "நீங்க நல்லாப் பண்ணுதீங்க அண்ணாச்சி" என்று பெருந்தன்மையோடு சொன்னார். நான் கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

ஊர் போய்ச் சேரும்போது நீலம் உருகிக் கழுத்து வரை இறங்கியிருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களை அப்படியே விட்டுவிட்டு விலகினார்கள். வீட்டு வாசலில் மருமகள் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க நாடகக்காரர்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் கயிறு உள்ள வரக் கூடாது."

கயிற்றைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை விரலில் படாமல் ஒரு குச்சியால் வாங்கி வேப்பமரக் கிளையில் போட்டார். பிறகுதான் வழி விட்டார்.

பெரியவர் பாதியாக இளைத்திருந்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"கயிறு எங்க வேய்?"

"உங்க மருமக வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"அவகிட்டயே தோத்துட்டீரா!" என்றவர், எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். மருமகள் கதவைச் சாத்தாமல் அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது.

நான் வந்த காரியத்தைத் தொடங்கினேன். "ஐயா, போன கொடையில அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது…"

"அத விடும். அது உம்ம பேச்சு மாதிரியே இல்ல. நீரு அவ்வளவு கெட்டிக்காரர் இல்லயே."

"எம்பேச்சுதான்" என்று பொய் சொன்னேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "வேய், ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லும். சாகும்போது எப்படி இருக்கும்?"

"ஐயா, நான் வேசக்காரன். எனக்கு எப்படித் தெரியும்?"

"வேசக்காரன்னுதான் கேக்கேன். எமன் வேசம் போடுததுக்கு முன்னால பதினெட்டு வருசம் ராஜபார்ட்டு போட்டீருன்னு சொன்னாங்க. எத்தன தடவ செத்துருப்பீரு? ஊருல உம்மளவுக்கு யாரு செத்துருக்கா?"

சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. கண்ணில் பயம் இருந்தது. நான் கிரீடத்தைக் கழற்றிக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு யோசித்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கொசு கடிக்கும்யா" என்றேன். "சொறிய முடியாது. அதான் பெரிய கஷ்டம்."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்புறம், காது மட்டும் நல்லாக் கேக்கும். மேல விழுந்து அழுத ஸ்திரீபார்ட் நெசமா அழுதாளா, வாய மட்டும் அசைக்காளான்னு தெரியும். ஆர்மோனியக்காரரு அழுகைப் பாட்டு வாசிச்சுக்கிட்டே பக்கத்துல இருக்கவர்கிட்ட டீ சொல்லுவாரு. நமக்கு ஒரு டீ சொல்ல மாட்டாரு. செத்தவனுக்கு எதுக்கு டீ? ஒரு தடவ அவ தலைமுடி எம்மூக்குல ஏறி, செத்துக் கெடந்த எடத்துல ரெண்டு தும்மல் போட்டுட்டேன். முன்னால உக்காந்திருந்த அம்மா ஒருத்தவுக, 'நல்ல சகுனம், உசுரு வரப்போவுது'ன்னாங்க."

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு, "ஐயோ இடுப்பு, ஐயோ இடுப்பு" என்று சொல்லிக்கொண்டே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மருமகள் ஓடி வந்து, "மாமா! மாமா!" என்று கத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் நிஜ எமனே ஓடியிருப்பான்.

"ஒண்ணுமில்ல தாயி" என்றார் பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு. "அந்த வாக்கர எடு."

"எதுக்கு மாமா?"

"வீட்டுக்கு வந்தவர வாசல் வரைக்கும் கொண்டுபோயி விடணும்லா. அதுவும் இவரு போறத நான் என் கண்ணால பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

மகனும் மருமகளும் பிடித்துத் தூக்கினார்கள். கட்டிலிலிருந்து வாசல் வரை பதினோரு அடி. நான் பின்பக்கமாகவே நடந்தேன், அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு என்னைத் துரத்துகிற மாதிரி வந்தார். ஒவ்வோர் அடிக்கும், "போவும், போவும்" என்றார். வாசல் தாண்டியதும் மகன் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகள் வேப்பமரத்திலிருந்து கயிற்றை எடுத்து, இந்தத் தடவை கையாலேயே, என்னிடம் கொடுத்தார்.

எமன் வீடு தேடி வந்து தோற்றுப் போனான் என்று அந்தப் பக்கமெல்லாம் பேச்சு. இரண்டு வாரத்துக்குள் மூன்று வீடுகளிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். எங்கள் அப்பாவுக்கு முடியவில்லை, அம்மா படுக்கையில் இருக்கிறார், வந்து ஒரு தடவை தோற்றுவிட்டுப் போங்கள் என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. மனைவிதான் அவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இவருக்கு அந்தச் சக்தி எல்லாம் இல்லை, வீட்டில் மிக்சியைக் கூடச் சரிபண்ணத் தெரியாது, நல்ல டாக்டராகப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

புரட்டாசியில் கொடை வந்தது. "நானும் வாரேன், அந்த மனுசன ஒரு தடவ பாக்கணும்" என்று மனைவி கிளம்பினாள். வேனில் இன்னொருவருக்கு இடம் இல்லை, நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம்.

பெரியவர் முன் வரிசையில், வாக்கரைப் பக்கத்தில் நிறுத்தி உட்கார்ந்திருந்தார். நான் கயிற்றைப் போட்டேன், ராஜகுமாரன் விழுந்தான், ஸ்திரீபார்ட் நடிகை நேராகப் போய் ஆர்மோனியம் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியவர் வாக்கரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"போன வருசம் நீரு ஒண்ணு சொன்னீரு. நான் பாக்காட்டாலும் வெதச்சது முளைக்கும்னு. சரி, முளைக்கும். ஒத்துக்கிடுதேன்." வாக்கரை ஓர் அடி முன்னால் தள்ளினார். "காட்டுப்பன்னிய உங்க அப்பனா வந்து வெரட்டுவான்?"

அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்கள் எல்லாருக்கும் பன்றியோடு தனித்தனிப் பகை உண்டு. துண்டுகள் மேலே பறந்தன. என் கிரீடம் சரிந்து ஒரு கண்ணை மறைத்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"ஏன், உங்க மகன் இருக்காரு, மருமக இருக்காவ. அவிய வெரட்ட மாட்டாவளா? எமனையே குச்சிய வச்சு வெரட்டுனவுகளுக்குப் பன்னி எம்மாத்திரம்?"

பெரியவர் வாக்கரோடு திரும்பினார். "யாரு தாயி நீ?"

"மேல நிக்காருல்லா, அவுக வீட்டுக்காரி."

"எமன் பொண்டாட்டிடோய்!" என்று எவனோ கத்தினான்.

பெரியவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். முகம் மெல்ல விரிந்தது. "மூச்சப் பாத்து வாரவன்னு சொன்னது?"

"நாந்தான்."

"பாக்காட்டாலும் முளைக்கும்னது?"

"அதுவும் நாந்தான்யா. மன்னிச்சுக்கிடுங்க."

"அப்படிச் சொல்லு! நாலு வருசமா இந்த ஆளோடயா மல்லுக்கட்டுதோம்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு." என் பக்கம் திரும்பி, "வேய், நீரு சும்மா ஒரு ஓரமா நில்லும்" என்றார்.

நான் நின்றேன். அரை மணி நேரம் அவர்கள் இருவரும் வாதாடினார்கள். ஆர்மோனியக்காரர் வாசிக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். மருமகள் எழுந்து வந்து என் மனைவிக்கு ஒரு நாற்காலி போட்டார். யாருடைய உயிருக்காக இந்த வாதம் என்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். கீழே கிடந்த ராஜகுமாரன் ஒரு கண்ணைத் திறந்து, "அண்ணாச்சி, எந்திரிக்கலாமா?" என்று என்னிடம் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் மனைவிதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, அந்தத் தம்பிக்கு உசுரக் குடுத்து எழுப்பி விடுங்க. கோவில்பட்டிக்குக் கடைசி பஸ் போயிரும்."

கொடுத்தேன். புராணம் அப்படியாக முடிந்தது. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெரியவர் வீட்டில் கொடுத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தாள். என் நாடகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க ரொம்ப நேரம் சும்மா நிக்கீங்க" என்றாள்.

போன வாரம் அந்த ஊரிலிருந்து மகன் போன் செய்தார். இந்த வருஷக் கொடைக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கப் போகிறார்களாம், எமன் என்று போட்டு என் பேர் போடுவதாகச் சொன்னார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "மதினி வருவாகள்லா அண்ணாச்சி? அவுக வராட்டா நாடகத்த மாத்திரலாம்னு அப்பா சொல்லுதாரு" என்றார்.

மனைவியிடம் கேட்டேன். தீப்பெட்டி ஆபீசில் அந்த வாரம் லீவு கிடைக்குமா என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.